உங்களுக்குள்ளே ஒரு நியாண்டர்தால்!

ஒரே ஹாஸ்டல் ரூம். ரெண்டு பேருக்கும் இருபது வயசு. ரெண்டு பேருக்கும் கொரோனா வருதுன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் நாலு நாள் கஞ்சி குடிச்சு எழுந்துடறார். இன்னொருத்தர் வென்டிலேட்டரில். ஏன் இப்படி?

எடை, சர்க்கரைன்னு காரணங்கள் பல. அதில் ஒண்ணு, அப்பா அம்மா கொடுத்த ஜீன்.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கில் குட்டிக் குட்டி காற்றுப் பைகள். சுத்திலும் மெல்லிய ரத்தக்குழாய்கள். கடுமையான தொற்று வந்தால் நடுவில் இருக்கும் சுவர் கசியும். காத்து இருக்கவேண்டிய இடத்தில் நீர் கோத்துக்கும். அப்புறம் ஆக்ஸிஜன் எப்படி ரத்தத்துக்குப் போகும்? 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

2020-ல் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளின் டி.என்.ஏ.வை அலசியபோது, மூணாவது குரோமோசோமில் ஒரு துண்டு மாட்டியது. அது நமக்கு நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த சொத்து என்று அதே வருஷம் கண்டுபிடித்தார்கள் ஹ்யூகோ ஸெபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும். (பாபோ, 2022-ல் நோபல் வாங்கினாரே, அவரேதான்!) குரோயேஷியா குகையில் கிடைத்த, சுமார் 50,000 வருஷப் பழைய எலும்பிலும் அதே துண்டு. ஐரோப்பாவில் இது சுமார் 16 சதவிகிதம் பேரிடம் இருக்கு. தெற்காசியாவில்? ஏறக்குறைய பாதிப் பேரிடம்!

உடனே நெஞ்சைத் தொட்டுப் பார்க்காதீங்க. 2021-ல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், பனாரஸ் இந்து பல்கலையின் ஞானேஷ்வர் சௌபே குழுவினர் தெற்காசிய மக்களின் ஜீன்களை கொரோனா கணக்கோடு ஒப்பிட்டார்கள். அந்தத் துண்டு அதிகம் இருக்கிற இடத்தில் சாவும் அதிகமா? அப்படி எந்தத் தொடர்பும் சிக்கவில்லை. நோயாளி நோயாளியாகப் பார்த்த ஆய்வு இல்லைதான். ஆனா, 'நம்ம ஜீனே சரியில்லை'ன்னு புலம்ப இடம் கொடுக்கலை.

எனக்கு இதைவிடப் பிடித்த மேட்டர் இன்னொண்ணு. பிரிட்டன் ஐ.சி.யூ.க்களில் இருந்த 2,244 பேரின் ஜீன்களை எடின்பரோவின் கென்னத் பெய்லி குழு 2020-ல் ஆராய்ந்தது. அதில் சிக்கிய ஒரு ஜீன், டி.ஒய்.கே.2. உடம்பின் எதிர்ப்புப் படையை உசுப்பிவிடும் ஆசாமி. இது ஓவரா வேலை செய்தால் நுரையீரலே புண்ணாகுது. இந்த வகை ஆசாமிகளை அடக்க ஏற்கெனவே ஒரு மாத்திரை இருந்தது: பாரிசிடினிப். மூட்டுவாதத்துக்குத் தருவது! பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை அதை ஆஸ்பத்திரியில் இருந்த எட்டாயிரத்துச் சொச்சம் கொரோனா நோயாளிகளிடம் பார்த்தது. 2022-ல் ரிசல்ட்: வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 14 பேர் இறந்தார்கள். மாத்திரையும் சேர்த்தபோது, 12.