கடிக்கும் வீட்டு நாய்: செய்யவேண்டியது யாது?

களத்து நெல்லையும் தோட்டப் பயிரையும் காவல்காக்கும் நாய் வீட்டாரையே கடிக்குமாயின், கமக்காரர் அதனை உடனே அடித்துக் கொல்வதும் அயலூரில் விட்டுவிடுவதும் தவறாகும். பிறர் அணுகாவண்ணம் கட்டி, உணவும் நீரும் கொடுத்து, 14 நாட்கள் அவதானித்தல் வேண்டும். கடித்தபொழுதே அதற்கு நீர்வெறுப்பு நோய் தொற்றும் நிலையில் இருந்திருப்பின், அந்நாட்களுள் நோய்க்குறிகள் வெளிப்படும்.

அதுவரை கடியுண்டவர் காத்திருத்தலாகாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

நாய் நலமாயிருப்பின் சினத்தின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். புண், செவிநோய், குட்டி ஈன்றமை, ஓயாது கட்டிவைத்தல் என்பன நாய்க்குச் சினமூட்டுவன. அவை நீங்கியும் கடிக்குமாயின், சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதனை வைத்திருத்தல் தகாது. மேல் நடவடிக்கையை மிருக வைத்தியருடன் கலந்து தீர்மானித்தலே நன்று.