புற்று வருமுன் தெரியும் தடயம்!

திருடன் வந்தால் நாய் குரைக்கும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் புகுந்தால்?

சத்தமே இராது. ஆரம்பத்தில் வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. கடலூர் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்ணும், சிதம்பரம் வயல்களில் நாற்று நடும் பெண்ணும் வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள். உதிரப்போக்கைக் கண்டு டாக்டரிடம் ஓடும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கும்.

ஆனால் இந்த நோய் ஒரே நாளில் வருவதல்ல. பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அது பல தடயங்களை விட்டுவிடுகிறது!

கிருமி எது?

"பாப்பிலோமா" என்ற வைரஸ் கிருமிதான் காரணம். ஜெர்மன் டாக்டர் ஹெரால்ட் சூர் ஹௌசன் 1983-ல் அதன் 16-வது ரகத்தையும், அடுத்த ஆண்டு 18-வது ரகத்தையும் புற்றுக்கட்டியில் கண்டுபிடித்தார். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய உறவினால் இக்கிருமி தொற்றுகிறது. பெரும்பாலோருக்கு 2 ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்குத் தங்கிவிடும். அதுதான் ஆபத்து.

இரண்டு காவல்காரர்கள்

நமது உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் காவல்காரர்கள் உண்டு. "பி-53" என்பவன் கெட்ட செல்லைத் திருத்துவான், திருந்தாவிட்டால் அழிப்பான். "ஆர்.பி." என்பவன் செல் கண்டபடி பெருகாமல் தடுப்பான்.

தங்கிவிட்ட கிருமி இருவரையும் செயலிழக்கச் செய்கிறது. அப்போது "பி-16" என்ற புரதம் செல்லில் குவிகிறது. சதைத் துணுக்கில் சாயம் ஏற்றினால், அந்த இடம் பழுப்பாகத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டருக்கு அதுவே தடயம்!

வினிகர் காட்டும் வெள்ளை

இன்னும் எளிய வழியும் உண்டு. நீர்த்த வினிகரைக் கர்ப்பப்பை வாயில் தடவினால், மாறிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுக்கும். வெளுத்ததெல்லாம் புற்று அல்ல. மேலும் சோதிக்க வேண்டும் என்பதே பொருள்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டு முதல், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் இச்சோதனையைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தரப்பட்டது. 2007-ல் முடிவு வெளியாயிற்று. சோதனை நடக்காத கிராமங்களைவிட, இந்நோயால் ஏற்படும் சாவு 100-க்கு 35 குறைந்திருந்தது!

வெட்கம் வேண்டாம்

இந்தச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகிறது. மேல் சோதனைக்குக் கடலூரில் தலைமை ஆஸ்பத்திரியும், சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் உள்ளன.

30 வயதைக் கடந்த தாய்மார்கள், நோய் இல்லாவிட்டாலும் போகலாம். மாதவிலக்கு நின்றபின் உதிரம் கண்டாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளை பட்டாலோ உடனே போக வேண்டும். 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பு ஊசியும் இருக்கிறது.

மனைவியைச் சோதனைக்கு அழைத்துச் செல்வது கணவனின் கடமை. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. வீட்டு விளக்கு அணையாமல் இருக்கும்!