வானொலிக் கோபுரமும் அதன் காவலும்

கோபுரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் உள்ளத்தில் எழுவது கோயிற் கோபுரமே. அகன்ற அடியும் ஒடுங்கிய முடியும் உடையதாய், கல்லாலும் சாந்தாலும் கட்டப்பெற்ற அக்கோபுரம் தன் பாரத்தினாலேயே அசையாது நிற்கின்றது. நாம் ஈண்டுக் கூறப்புகும் வானொலிக் கோபுரமோ அத்தகையதன்று. ஒரு முழ அகலந்தானும் இல்லாத உருக்குச் சட்டம் அது. பெரும்பாலும் தன் வலிமையால் நில்லாது, தன்னை நாற்புறமும் பற்றி இழுத்து நிற்கும் கம்பிகளின் வலிமையால் நிற்பது. ஆதலின் அதனைக் கட்டுவோரும் காப்போரும் தனிப்பட்டதொரு விழிப்புடையராதல் வேண்டும். அவ்விழிப்பு யாதென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவோர் பாட்டும் செய்தியும் ஒலிபரப்புவோரல்லர். ஊதியங் கருதாது, விஞ்ஞான ஆர்வம் ஒன்றினாலேயே, உலகின் எங்கோ ஒரு மூலையிலுள்ள தம்மையொத்த ஒருவருடன் இருவழித் தொடர்பு கொள்வோர். நம் நாட்டில் இதற்குரிய அனுமதிப்பத்திரத்தை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்குகின்றது. '4எஸ்7' என்று தொடங்கும் அழைப்புக்குறியைக் கேட்டவுடன் உலகத்தார் இலங்கையரை இனங்கண்டுகொள்வர். இது வெறும் பொழுதுபோக்கென எண்ணுவோர் 2004 டிசெம்பர் 26ஆந் திகதியை நினைவுகூர்க. ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் வாய்மூடியபோது, நம் நாட்டு அமெச்சூர் வானொலியாளர் அம்பாந்தோட்டைக்குச் சென்று சிற்றலை வழியாகக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். எனவே, இடர்வரும் நாளில் நிற்கவேண்டிய கோபுரம் அந்நாளிலேயே வீழ்ந்துவிடின் அதனால் யாது பயன்?

உயரம் எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். 14 மெகாஹேட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறக்குறைய 20 மீற்றர். அன்ரனா எனப்படும் வானலைக் கம்பி நிலத்துக்கு அண்மையில் இருப்பின் அலைகள் பெரும்பாலும் மேல்நோக்கிச் சென்று, வளிமண்டலத்தின் மேலடுக்கிற் பட்டு அண்மையிலேயே இறங்கும். அதனை அரை அலைநீளம், அதாவது 10 மீற்றர், உயர்த்தினால் அலைகள் அடிவானை நோக்கித் தாழ்ந்து சென்று நெடுந்தொலைவை அடையும். ஆகவேதான் வானொலியாளர் 10 முதல் 20 மீற்றர் வரை உயரமுள்ள கோபுரங்களை நாடுகின்றனர்.

உயரத்தை நாடியோர் தொடக்கத்திலேயே ஒரு பாடம் கற்றனர். அத்திலாந்திக்குக் கடலைக் கடந்து செய்தி அனுப்ப விழைந்த மார்க்கோனி, இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலுள்ள போல்டு என்னுமிடத்தில் 200 அடி உயரமான 20 கம்பங்களை வட்டமாக நாட்டுவித்தார். அவற்றின் தலைகள் ஒன்றோடொன்று கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கம்பமும் தன் அயற்கம்பத்தை நம்பி நின்றது. 1901 செப்ரெம்பர் 17ஆந் திகதி வீசிய புயலில் அவையெல்லாம் ஒருங்கே சாய்ந்தன. அவ்வாண்டு நவம்பரிலே, அமெரிக்காவின் கேப் கொட் முனையில் அதேவகையாக அமைத்த கம்பங்களும் வீழ்ந்தன. அந்நிலையத்தைக் கட்டிய பொறியியலாளர் விவியன், அவ்வமைப்புப் பாதுகாப்பானதன்று என முன்னரே கருதியிருந்தார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. ஈற்றில் டிசெம்பர் 12ஆந் திகதி நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி செய்தியைப் பெற்றது பட்டம் ஒன்றில் ஏற்றிய கம்பியினாலேயாம். ஓர் உறுப்புப் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்படி எதனையும் அமைத்தலாகாது என்பதே இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இனி, காற்றின் விசையைக் கணிப்போம். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். காற்றுக்கு எதிரே நிற்கும் 1 சதுர மீற்றர்ப் பரப்பில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் காற்று ஏறக்குறைய 12 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையைத் தரும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது 48 கிலோகிராமாகும். 150 கிலோமீற்றரில் 108 கிலோகிராமாகும். நாள்தோறும் வீசும் சோளகத்தில் அசையாது நின்ற கோபுரம், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது போன்றதொரு சூறாவளியிலும் நிற்கும் என்று எண்ணுதல் இதனாலேயே பேதைமையாகும்.

இவ்விசையை நிலத்துக்குக் கொண்டுசெல்வன தாங்குகம்பிகள். 15 மீற்றர்க் கோபுரத்தின் தலையில் 48 கிலோகிராம் விசை தாக்குவதாகவும், அதனை ஒரு தாங்குகம்பியே ஏற்பதாகவும் கொள்வோம். அக்கம்பியின் நங்கூரம் அடியிலிருந்து 12 மீற்றர் தள்ளி இருப்பின் கம்பியின் இழுவை ஏறக்குறைய 77 கிலோகிராம்; அது கோபுரத்தைக் கீழ்நோக்கி அமுக்குவது 60 கிலோகிராம். காணி சிறிதென்று நங்கூரத்தை 4 மீற்றரில் நாட்டினால் இழுவை 186 கிலோகிராமாகும். அமுக்கமோ 180 கிலோகிராமாகும். காற்று ஒன்றே, தூரம் குறைந்ததனால் வந்த கேடு இது. ஆகையால் நங்கூரத்தின் தூரம் உயரத்தில் 60 முதல் 80 வீதம்வரை இருத்தல் நன்று. கம்பிகள் ஒவ்வொரு மட்டத்திலும் மூன்றாய், 120 பாகைக் கோணங்களில் அமைதல் வேண்டும். நாகமுலாமிட்ட உருக்குக் கம்பியையே கொள்ளுதல் வேண்டும். கம்பியை இறுக்கும் மரை இறுக்கி, காற்றின் அதிர்வால் தானே கழன்றுவிடும் இயல்பினது. அதன் துளையினூடாகச் சிறு கம்பியொன்றைக் கோத்துப் பூட்டிவிடுதல் இன்றியமையாதது.

அத்திவாரமும் அவ்வாறே கருத்துக்குரியது. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல இடங்களில் மண்படை மெல்லியது. கீழே சுண்ணாம்புக் கற்பாறை. பாறை தட்டுப்பட்டதென்று குழியை ஆழமாக்காது விடுவோர் உளர். பாறை அமுக்கத்தைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும் விசையைத் தாங்குவது அதன்மேலுள்ள கொங்கிறீற்றின் பாரமும் பிடிப்புமே. கொங்கிறீற்று முழுவலிமை பெற 28 நாட்கள் வேண்டும். அதற்குள் கோபுரத்தை ஏற்ற விரைதல் தகாது. அடிமேடை நிலமட்டத்துக்கு மேல் எழுந்து, மழைநீர் வழிந்தோடச் சாய்வாக இருத்தல் வேண்டும். உருக்கை உண்ணும் துரு பெரும்பாலும் மண்ணும் உருக்கும் கூடுமிடத்திலேயே தொடங்குகின்றது.

இவற்றையெல்லாம் நூலிற் படித்தறியுமுன் நாம் வேறுவழியாகக் கற்ற பாடம் ஒன்றுண்டு. மாணவப் பருவத்தின் இறுதியில் நண்பர் நால்வர் கூடி, வீட்டு முற்றமொன்றில் இரும்புக் குழாய்க் கம்பமொன்றை நிமிர்த்த முற்பட்டோம். குழாய் புதிது, குழி ஆழமானது. பிடித்து இழுத்த மூன்று கயிறுகளுள் இரண்டு புதியன. மூன்றாவது, கிணற்றடியில் வெயிலிலும் மழையிலும் பல மாதங் கிடந்த தும்புக்கயிறு. அதனை எவரும் இழுத்துப் பார்த்திலோம். கம்பம் முக்காற்பங்கு நிமிர்ந்த வேளையில் அக்கயிறு அறுந்தது. அடியைப் பற்றிநின்ற நண்பரின் வலக்கை குழாய்க்கும் கிணற்றுக் கட்டுக்கும் இடையே நசுங்கியது. வேலிக்கு அப்பால் மின்கம்பி சென்றதை நாம் கண்டது அதன் பின்னரே. குழாய் இன்னும் ஒரு பாகம் நீண்டிருப்பின் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திரோம். அந்நண்பர் பின்னர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். எம்மை ஒருநாளும் நொந்து பேசியதில்லை. யாரேனும் கோபுரம் எழுப்புகின்றனர் என்று கேள்விப்பட்டால் மாத்திரம், "கயிற்றைப் பார்த்தீரோ?" என்று வினவுவார்.

அன்று தொட்டு நாம் கைக்கொண்ட விதி இது: கோபுரத்தின் உயரத்தையும் அதன்மேல் நிற்கும் அன்ரனாவின் நீளத்தையும் கூட்டி, அதன்மேல் மேலும் 3 மீற்றராவது சேர்த்து, அத்தூரத்துக்குள் மின்கம்பி எதுவும் இல்லாத இடத்தையே தெரிதல் வேண்டும். எப்பக்கம் வீழ்ந்தாலும் மின்கம்பியைத் தொடாமை வேண்டும். இதற்கு விலக்கு இல்லை.

கோபுரத்தில் ஏறுவோர் நெறியும் கடுமையானது. இடுப்புப் பட்டி மாத்திரம் போதாது. தோளையும் தொடையையும் அணைக்கும் முழுவுடற் கவசப்பட்டி வேண்டும். அதில் இரு கொளுவிக் கயிறுகள் இருத்தல் வேண்டும். ஒன்றைக் கழற்றுமுன் மற்றையதைக் கொளுவினால், கோபுரத்தோடு பிணைப்பில்லாத கணம் ஒன்றேனும் இராது. தனியே ஏறலாகாது. கீழே நிற்போர் தலைக்கவசம் அணிந்து, கோபுரத்தின் நேரடியைவிட்டு விலகி நிற்றல் வேண்டும். மேலே ஆள் இருக்கும்போது ஒலிபரப்பியை இயக்கலாகாது. அன்ரனாவைச் சுழற்றும் மோட்டாரின் மின்னைத் துண்டித்துவிடுக. தவறி வீழ்ந்தவர் பட்டியிற் செயலற்றுத் தொங்குவாராயின் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஊறு நேரலாம். ஆதலின் அவரை இறக்கும் வழியை ஏறுமுன்னரே வகுத்துக்கொள்க. பனையேறும் சீவற்றொழிலாளர் தளைநாரை ஒருமுறை இழுத்துப் பாராது மரத்திற் காலை வைப்பதில்லை. கற்றறிந்த நாம் அவரிடம் கற்கவேண்டியது இது.

மின்னலைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமுழக்கம் மிகும் நாடு நம்முடையது. கோபுரத்தின் ஒவ்வொரு காலும் நீர்ப்பற்றுள்ள நிலத்தில் இறங்கிய கோல்களுடன் குறுகிய, வளைவற்ற வழியாற் புவித்தொடுக்கப்படல் வேண்டும். பாறை தடுக்கும் இடங்களில் கடத்திகளை மண்ணிற் கிடையாக நெடுந்தூரம் புதைக்கலாம். வீட்டு மின்சாரத்தின் புவித்தொடுப்பும் இதனுடன் இணைக்கப்படல் வேண்டும். வெறுஞ் செப்பை நாகமுலாமிட்ட உருக்கின்மேல் நேரே பிணைத்தல் கூடாது; ஈரம் பட்டவுடன் நாகம் அரிக்கப்பட்டு உருக்குத் துருவேறும். எல்லாம் செய்த பின்னரும், முகில் கறுக்குமுன் கம்பித்தொடர்பை வீட்டுக்கு வெளியே கழற்றிவிடுதலே அறிவுடைமை.

கட்டுதல் ஒருமுறை, காத்தல் பலமுறை. போலந்து நாட்டில் கொன்ஸ்ரன்ரினோவ் என்னுமிடத்தில் 1974இல் நிறைவெய்திய வானொலிக் கம்பம் 646 மீற்றர் உயரமானது. அக்காலத்தில் உலகில் அதனின் உயர்ந்த கட்டடம் வேறில்லை. அது 1991 ஓகஸ்ற் 8ஆந் திகதி வீழ்ந்தது. பெரும்புயல் வீழ்த்தவில்லை, பழுதான தாங்குகம்பிகளை மாற்றும் வேலையின்போதே வீழ்ந்தது. ஆகவே, பழைய கம்பியை அகற்றுமுன் தற்காலிகக் கம்பியை இட்டு அதன் வலிமையைச் சோதித்தல் வேண்டும். பழங்கோபுரத்தைக் கழற்றுவது புதியதைக் கட்டுவதிலும் ஆபத்தானது. துரு உள்ளே எவ்வளவு தின்றதென்பதை வெளிப்பூச்சுக் காட்டாது.

கடற்காற்றின் உப்பு உலவும் எம்மூர்களில் ஆண்டுக்கு இருமுறை சோதனை வேண்டும். சோளகம் எழுமுன் சித்திரையில் ஒருமுறை. மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை. நங்கூரத்தின் அடி, கம்பிகளின் இழுவை, மரையாணிகள், சுரைகள், புவித்தொடுப்பு, சட்டத்தின் நேர்மை ஆகியன யாவும் நோக்கப்படல் வேண்டும். நோக்கியவர் பெயரும் திகதியும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படல் வேண்டும்.

எமது கல்லூரியின் விஞ்ஞானக் கழக மாணவர் என்றேனும் ஒரு வானொலிக் கோபுரத்தை எழுப்புவாராயின், பழைய மாணவராகிய நாம் மகிழ்வோம். பொருளும் உழைப்பும் உதவப் பின்னில்லோம். ஆயின் உருக்கும் சீமெந்தும் வாங்குமுன் அக்குறிப்பேட்டை வாங்குமாறு வேண்டுகின்றோம். அதன் முதற்பக்கத்தில் எம் நண்பரின் வினாவை எழுதிவைப்பின், எந்த மாணவனின் கைக்கும் ஊறு நேராது காக்க அதுவே துணையாகும்.