பதினேழு மைல் போகவேண்டிய குண்டு

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கிரயத்தில் ஒரு விசித்திரமான எல்லை இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலம் சேர்த்தி. சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து வரவழைத்தார்கள். செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊர்கள் கம்பெனி வசமாயின, கடலூரும் அதில் அடக்கம். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் வெகுகாலம் வழங்கியது.

ஒரு பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அன்று யாராலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டு கழித்து, அந்தக் கணக்கை உலகத்துக்குச் சொன்ன மனிதரே அதே கோட்டைக்கு வேலைக்கு வந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். போரே கூடாது என்னும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை பீரங்கிக் கணிதத்துக்கு வந்து சேர்ந்தது வேடிக்கைதான். 1742இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்று இந்தத் துறையையே புரட்டிப்போட்டது. ஜெர்மன் மொழியில் அதைப் பெயர்த்து விரிவாக உரை எழுதியவர் கணித மேதை ஆய்லர்.

ராபின்ஸ் செய்த காரியம் எளிமையானது. கனத்த மரப்பலகை பதித்த ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். எடை சுமார் 56 பவுண்டு. அதை நோக்கிச் சுட்ட ஈயக்குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குண்டு பலகையில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை அடியில் கட்டிய நாடா காட்டிவிடும். மோதலுக்கு முன்னும் பின்னும் உந்தம் ஒன்றே. குண்டைவிட அறுநூறு மடங்குக்கு மேல் கனமான ஊசல் நிதானமாகத்தான் ஆடும், அந்த நிதானத்தை அளந்துவிடலாம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கண்ணுக்கே தெரியாத குண்டின் வேகம் கிடைத்துவிடும். கிடைத்தது நொடிக்கு 1,600 அடிக்கு மேல். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க முறையில் மனிதர் அளந்தது அப்போதுதான்.

இங்கேதான் சங்கடம் வந்தது. கலிலியோ வழிவந்தவர்கள், குண்டு பரவளையப் பாதையில் போகும், காற்றின் தடை பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லிவந்தார்கள். அந்தக் கணக்குப்படி 45 பாகையில் சுட்ட ஈயக்குண்டு பதினேழு மைல் போகவேண்டும். உண்மையில் அது அரை மைல்கூடப் போவதில்லை. குழலை விட்டு வெளிவரும் நேரத்தில் குண்டின் மீது காற்று கொடுக்கும் எதிர்விசை, குண்டின் எடையைப்போல 120 மடங்கு என்று ராபின்ஸ் கண்டார். நூறாண்டாகச் சொல்லிவந்த அழகான பரவளையம் ஒரு மரப்பலகையில் உடைந்தது.

இன்னொரு கேள்வியையும் அவர் விடவில்லை. குழலுக்குள் அடைபட்ட கருமருந்து எவ்வளவு அழுத்தம் கொடுக்கும்? எரிந்து வரும் வாயு, சாதாரண நிலையில் மருந்தின் கன அளவைப்போல 244 மடங்கு இடம் பிடிக்கும். வெப்பம் அதை மேலும் நான்கு மடங்கு பெருக்கும். ஆக ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டல அழுத்தம். பின்வந்தவர்கள் அளந்தபோது உண்மை அதையும் தாண்டியது. ஆனாலும் முதல் மதிப்பீடு என்ற அளவில் அது பெரிய சாதனை.

இன்று கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வருக்கான தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15,000 பவுண்டு. அதுவும் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டலம்தான். கார் டயருக்குக் காற்றடிக்கும்போது முப்பது, முப்பத்தைந்து என்று சொல்கிறோமே, அதே அளவுகோலில் பதினைந்தாயிரம்! உள்ளங்கைக்குள் பிடிக்கும் பொருளில் இது நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தோட்டா எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1781 ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயில் மதில்களுக்குள் இருந்த ஹைதர் அலியின் படையை கம்பெனித் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். இரண்டு வாரத்தில் பரங்கிப்பேட்டைப் போர். அந்தச் சிப்பாய்களின் தோட்டா வெறும் காகிதச் சுருள், உள்ளே ஒரு குண்டும் அளந்து வைத்த மருந்தும். பல்லால் கிழித்து, குழலில் கொட்டி, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அளவைச் சிப்பாயின் கையிடம் விடாமல் முன்கூட்டியே நிறுத்துக் கட்டியதுதான் அந்தக் காகிதத்தின் பெருமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காகிதம் போய்ப் பித்தளை ஓடு வந்தது. வெடிக்கும்போது ஓடு விரிந்து வாயு பின்னால் கசியாமல் அடைக்கும், பிறகு சற்றே சுருங்கிக்கொள்ளும். அதனால்தான் வெற்று ஓட்டை வெளியே எடுக்க முடிகிறது. எடுக்க முடிவதால்தான் அதை மறுபடி நிரப்பலாம் என்ற எண்ணமும் பிறந்தது.

அமெரிக்காவில் இது வீட்டுப் பொழுதுபோக்கு. சுட்ட ஓடுகளைப் பொறுக்கி வந்து, பழைய அளவுக்கு அழுத்தி, பற்றவைக்கும் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மூடுகிறார்கள். வேகத்தை அளக்க அவர்கள் வைத்திருக்கும் மின்னணுக் கருவி ராபின்ஸின் ஊசலுக்குக் கொள்ளுப்பேரன். ஆனால் அளவு பிசகினால் விளைவும் கொடுமை. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையும் கசடுமாக மிஞ்சும். இன்றைய புகையில்லா மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிறது. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் மருந்து ஓட்டின் பாதிகூட நிறையாது. கவனம் தப்பி இருமுறை கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது, துப்பாக்கி கையிலேயே சிதறும். நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் அமைத்த கார்டைட் தொழிற்சாலை இந்த வகை மருந்தைச் செய்வதற்கென்றே எழுந்தது. ஒரு மலைப் பள்ளத்தாக்கையே வேலியிட்டுச் செய்யும் பண்டம் அது.

நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தையும் பால்ரஸ் குண்டையும் குத்துமதிப்பாகக் கெட்டிப்பவர்களுக்கும் இதே இயற்பியல்தான். குழல் தாங்கும் வரை தாங்கும். சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது ஏழாண்டு, ஆயுள் வரை போகலாம். நம் ஊரில் இதை வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது, வேண்டாம் என்பது மட்டுமே.

ராபின்ஸ் 1750இல் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட வந்தார். சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போய்த் திரும்பிய காலம் அது. 1746 முதல் 1752 வரை ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையின் தலைநகரே தேவனாம்பட்டினம்தான். வந்து ஓராண்டில் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று இங்கேயே இறந்தார். அடுத்த மாதம் கிளைவ் ஆர்க்காட்டுக்குப் படை நடத்திப் புகழ் பெற்றார். கிளைவ் பாடநூலில் இருக்கிறார், ராபின்ஸ் இல்லை. 1758இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்த அந்தக் கோட்டையில் இன்று பார்க்க அதிகம் இல்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உந்த அழிவின்மையைப் பாடம் நடத்தும்போது ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். களிமண் உருண்டையை எறிந்து, கட்டை ஆடும் தூரத்தை மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். இதை முதலில் செய்தவர் கடலூரில் இறந்தார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.