டிப்பர் வாங்குமுன் எடையைப் பாருங்கள்

டிராக்டருக்கு டிப்பர் டிரெய்லர் வாங்குவோர் பலர் பெட்டியின் அளவை மட்டுமே பார்க்கின்றனர். இது தவறு. ஏற்றப்போகும் பாரத்தின் எடையே முக்கியம்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மக்கிய தொழு உரம் ஒரு யூனிட் சுமார் ஒன்றரை முதல் 2 டன் வரை இருக்கும். அதே பெட்டியில் ஈரமான ஏரி வண்டலை நிரப்பினால் 4 டன்னைத் தாண்டிவிடும். எருவுக்குப் போதுமான அச்சும் டயரும் வண்டலைத் தாங்கா.

எனவே விலை பேசுமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. டிரெய்லரின் சொந்த எடையும் பாரமும் சேர்ந்து, உங்கள் டிராக்டரின் இழுவைத் திறனுக்குள் இருக்க வேண்டும்.

2. முழுப் பாரத்துடன் பெட்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஜாக்கியில் எண்ணெய் கசியக் கூடாது.

3. டிரெய்லருக்குத் தனி பிரேக் அவசியம். ஏரிக்கரை இறக்கத்தில் பாரம் டிராக்டரையே தள்ளிவிடும்.

4. தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கம்பி இருக்க வேண்டும். அதைப் பொருத்தாமல் பெட்டிக்கு அடியில் யாரும் செல்லக் கூடாது.

சமதளத்தில், மேலே மின்கம்பி இல்லாத இடத்தில் மட்டுமே பாரத்தைக் கொட்டுங்கள். ஆண்டில் சில நாள் வேலைக்கு மட்டும் என்றால், கடன்பட்டு வாங்குவதைவிட வாடகை வண்டியே லாபம்.