சாலைக்கும் பந்தயத்திற்கும் ஒரே கார்: ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கார் வாங்குவோர் அதன் நிறத்தைப் பார்க்கிறார்கள். இயந்திரத்தின் ஆற்றலை விசாரிக்கிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தக் காரைத் தாங்கி நிற்கும் நான்கு ஸ்பிரிங்குகளைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு இடங்களும் தரையை விட்டு அகலாமல் காப்பதே ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் செய்யும் வேலை. இவையும், இவற்றைச் சக்கரத்தோடு இணைக்கும் உறுப்புகளும் சேர்ந்ததையே சஸ்பென்ஷன் என்கிறோம்.

நம் மாநிலத்திற்கும் கார்ப் பந்தயத்திற்கும் நெடுநாளையத் தொடர்பு உண்டு. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர் 1990-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் திடல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள திடல் கரிவர்தன் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். இத்தகைய திடல்களில் தம் சொந்தக் காரையே ஓட்டிப் பழக விரும்பும் இளைஞர்கள் இன்று பலர் உள்ளனர்.

சனிக்கிழமை திடலில் ஓடும் அதே கார்தான் ஞாயிறு காலை பாட்டியைத் திருப்பலிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. தொழிற்சாலையில் பொருத்திய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டால் கார் பந்தயக் காராகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை நாம் இங்குக் காண்போம்.

விறைப்பு என்பது என்ன?

ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அல்லது அமுங்குகிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் அதன் விசை இருக்கும் என்று 1678-இல் வெளியிட்டார் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டுமோ அதுவே அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு. விறைப்பு 20 என்றால், ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்திற்கும் 20 நியூட்டன் வேண்டும் என்று பொருள்.

இந்த விறைப்பை மூன்று அளவுகள் முக்கியமாகத் தீர்மானிக்கின்றன. முதலாவது, கம்பியின் தடிமன். கம்பியை 12 மில்லிமீட்டரிலிருந்து 13 மில்லிமீட்டராக்கினால் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் உயர்ந்துவிடும். ஏனெனில் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இரண்டாவது, சுருளின் அகலம். அகலம் கூடினால் விறைப்பு குறையும். மூன்றாவது, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டிவிட்டால் விறைப்பு 20 சதவீதம் கூடும்.

காரைத் தாழ்த்துவதற்காகச் சிலர் உண்மையாகவே இவ்வாறு ஸ்பிரிங்கை வெட்டிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இடம் விலகிப் போகக்கூடும்.

எந்த எண் நல்லது?

ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்கல்லை இழுத்து விட்டால் அது மேலும் கீழும் ஆடுவதைப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் காணலாம். காரும் அவ்வாறே ஆடுகிறது. ஒரு வினாடிக்கு அது எத்தனை முறை ஆடும் என்பதே காரின் குணத்தைச் சொல்லும் முதல் எண். வீட்டுக் கார்களில் இது வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை இருக்கும்.  அவ்வகைக் கார் நமக்குச் சுகமாகத் தோன்றுகிறது. பந்தயத்திற்கென்றே தயாரான கார்களில் இது இரண்டுக்கு மேல் போகும். காற்றின் அழுத்தத்தால் தரையோடு ஒட்டிச் செல்லும் பந்தயக் கார்களில் இன்னும் கூடுதலாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முன்சக்கரத்தின் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் விறைப்பு 20 ஆனால், கார் வினாடிக்கு 1.4 முறை ஆடும். நிற்கும்போதே ஸ்பிரிங் சுமார் 123 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கும். விறைப்பை 28 ஆக்கினால் ஆட்டம் 1.7 ஆகிறது. விறைப்பை இரட்டித்து 40 ஆக்கினால் ஆட்டம் 2.8 ஆகிவிடாது, 2.0 தான் ஆகும். ஏனெனில் ஆட்டம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

ஆனால் அந்த 40-இல் பாட்டியின் முதுகு படும் பாடு பெரிது. திடலின் தளம் மேசைபோல் வழவழப்பானது. நம் ஊர்ச் சாலையிலோ வேகத்தடையும் குழியும் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய மேடும் உண்டு. அங்கே மிகக் கடினமான ஸ்பிரிங் காரையே மேலே தூக்கி எறியும். டயர் ஒரு கணம் தரையை விட்டு விலகும். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆகவே மேடுபள்ளமான சாலையில் கடினமான ஸ்பிரிங் சுகத்தை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் குறைக்கிறது.

அடுத்தவர் காரின் எண் நமக்கு ஆகாது

"என் நண்பன் 40 போட்டிருக்கிறான், எனக்கும் 40 வேண்டும்" என்று கடையில் கேட்பது தவறு. கதவைக் கைப்பிடியருகே தள்ளுவது எளிது, கீலருகே தள்ளுவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஸ்பிரிங் எந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் இதைப் போன்றதே. மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களின் முன்புறம் மெக்ஃபர்சன் முறையில் அமைந்தது. அதில் சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய அவ்வளவே அமுங்கும். இரட்டைக் கை முறையில் அமைந்த ஒரு காரில், சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கலாம். அமுக்கமும் 0.7 பங்கு, சக்கரத்தை வந்தடையும் விசையும் 0.7 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.49. அதாவது அந்தக் காரில் 40 என்று எழுதிய ஸ்பிரிங், சக்கரத்தில் 20 அளவுக்குத்தான் வேலை செய்யும். எனவே பெட்டியின்மேல் உள்ள எண்ணைவிடச் சக்கரத்தில் கிடைக்கும் எண்ணே முக்கியம்.

ஷாக் அப்ஸார்பரின் பங்கு

ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரும்பக் கொடுத்துவிடும். தானாக ஆட்டத்தை விரைவில் நிறுத்தாது. ஷாக் அப்ஸார்பருக்குள் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் பிதுங்கிச் சென்று அந்தச் சக்தியை வெப்பமாக்கி ஆட்டத்தை அடக்குகிறது. ஸ்பிரிங்கை மட்டும் இரட்டிப்புக் கடினமாக்கினால், முன்போலவே அடக்குவதற்கு ஷாக் அப்ஸார்பரின் வலிமையும் 1.4 மடங்கு ஆக வேண்டும். பழைய ஷாக் அப்ஸார்பரையே வைத்திருந்தால் கார் பந்துபோல் துள்ளும். இவ்விரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

முன்ஸ்பிரிங்குக்கும் பின்ஸ்பிரிங்குக்கும் இடையிலும் ஒரு பொருத்தம் வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். காரின் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் 0.14 வினாடி கழித்தே அதே மேட்டை அடைகிறது. பின்புறம் சற்று விரைவாக ஆடினால் அது முன்புறத்தை எட்டிப் பிடித்து, கார் தலையாட்டாமல் சமமாக அமரும். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஓலி என்னும் பொறியாளர் இதனை விளக்கினார்.

உயரத்தைக் குறைக்கும்போது

காரைத் தாழ்த்தினால் அதன் ஈர்ப்பு மையம் தாழும். வளைவில் நிலைப்பு கூடும். ஆனால் சக்கரம் மேலே ஏற எஞ்சியிருக்கும் இடமும் குறையும். அந்த இடம் 80 மில்லிமீட்டராக இருந்து, நாம் 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், பாதிதான் மிஞ்சும். அதுவும் தீர்ந்ததும் சஸ்பென்ஷன் ரப்பர்த் தடுப்பில் மோதும். வளைவின் நடுவே இது நேர்ந்தால் அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரென ஏறி, டயர் பிடிமானத்தை இழந்து, கார் எதிர்பாராமல் வழுக்கும். எவ்வளவு தாழ்த்துகிறோமோ அதற்கேற்ப விறைப்பும் கூட வேண்டும். உயரம் மாற்றத்தக்க வகையில் திருகு உள்ள ஸ்பிரிங்கை வாங்கினாலும், அத்திருகைச் சுற்றுவதால் உயரம்தான் மாறும். சீரான ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. உயரத்தை மாற்றிய பின் சக்கரங்களின் சாய்வையும் நேர்க்கோட்டையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

வளைவில் நடப்பது

1,000 கிலோ எடையுள்ள காரின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்களின் இடைவெளி 1.4 மீட்டராகவும் இருக்கட்டும். புவியீர்ப்பில் 0.8 பங்கு விசையோடு அது வளைவில் திரும்பினால், சுமார் 286 கிலோ சுமை உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் கார் குறைவாகச் சாயும். ஆனால் இந்த 286 கிலோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதில் முன்புறம் எவ்வளவு ஏற்கிறது, பின்புறம் எவ்வளவு ஏற்கிறது என்பதையே ஸ்பிரிங் மாற்றுகிறது.

டயருக்கு ஒரு குணம் உண்டு. சுமை இரட்டித்தால் அதன் பிடிமானம் இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே எந்தப் பக்கம் கூடுதலான சுமை மாற்றத்தை ஏற்கிறதோ, அந்தப் பக்கம் முதலில் வழுக்கும். முன்புறம் மட்டும் கடினமானால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே போகப் பார்க்கும். பின்புறம் மட்டும் மிகக் கடினமானால், வால் வெளியே வீசும். மழை பெய்த சாலையில் பழக்கமில்லாதவர் கையில் அது பெரிய ஆபத்து.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைக் காணலாம். முதலில், தேய்ந்த டயர், தளர்ந்த ரப்பர் புஷ், எண்ணெய் கசியும் ஷாக் அப்ஸார்பர் ஆகியவற்றை மாற்ற வேண்டும். இவற்றைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் சுமையையும் எடைபோட்டு அறிய வேண்டும். பின்னர், சாலையிலும் ஓட வேண்டிய காருக்கு ஆட்டம் 1.5 முதல் 1.8 வரை இருக்கும்படி விறைப்பைக் கணக்கிட வேண்டும். நம் கணக்கில் அது 28-ஐ ஒட்டியதே தவிர 40 அன்று. அந்த விறைப்புக்கேற்ற ஷாக் அப்ஸார்பரை ஸ்பிரிங்கோடு சேர்த்து வாங்க வேண்டும். தாழ்த்துவது மிகச் சிறிதளவே இருக்கட்டும். பின்னிருக்கை நிறைய ஆட்களும் சாமான்களும் ஏறினாலும் ரப்பர்த் தடுப்பு தொடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மாற்றத்தையும் செய்யுமுன் அது மோட்டார் வாகனச் சட்டத்திற்கு உட்பட்டதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிப்பதும் நம் கடமை.

"பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். 1975-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் ஆறாவதாக வந்து, ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் புள்ளி பெற்ற பெண்மணி இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1981-இல் இத்தாலியில் நடந்த சான் ரெமோ ராலியில் வென்று, உலக ராலிப் போட்டியொன்றில் வெற்றி பெற்ற முதல் பெண் என்னும் புகழை அடைந்தவர் பிரான்ஸின் மிஷேல் மூட்டோன். பந்தயம் ஓட்டாவிட்டாலும், நாளை நாம் யாவரும் காரில் செல்வோம். சிலர் அதனை ஓட்டுவோம். சிலர் பொறியியல் படித்து அதனை வடிவமைப்போம்.

பல கார்களின் முன்பலகையில் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் சிறு உருவத்தைக் காண்கிறோம். அவரது மன்றாட்டை நாடுவது நல்லது. அத்தோடு, வெட்டிய ஸ்பிரிங்கும் கசியும் ஷாக் அப்ஸார்பரும் உள்ள காரில் நம் அன்புக்குரியவர்களை ஏற்றாதிருப்பதும் நம் பொறுப்பே. வீட்டில் அண்ணனோ மாமாவோ காரின் ஸ்பிரிங்கை மாற்றப் போவதாகச் சொன்னால், "சக்கரத்தில் விறைப்பு எவ்வளவு? ஷாக் அப்ஸார்பரையும் மாற்றுகிறீர்களா?" என்னும் இரண்டு கேள்விகளை நாம் தயங்காமல் கேட்போமாக.