ஒரு விளக்குக்கு ஒரு ஓணான்

சித்திரை, வைகாசியில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே வேலிக்காத்தான் புதர்களைக் கொஞ்சம் நின்று கவனித்தால், தலையும் தோளும் செக்கச் சிவந்த ஆண் ஓணான்கள் கண்ணில் படும். இனப்பெருக்கக் காலத்தில் அவற்றுக்கு வரும் நிறம் அது. தாடையைப் புடைத்துக்கொண்டு, முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை ஏற்றி இறக்கும். பக்கத்துப் புதரில் இருக்கும் இன்னோர் ஆணுக்கு அது விடுக்கிற எச்சரிக்கை. மற்றது கேட்காமல் நெருங்கி வந்தால் துரத்தல் நடக்கும், பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். தோற்றது காயமில்லாமல் தப்பிக்கக் காரணம் ஒன்றுதான்: ஓடுவதற்கு அதற்கு ஒரு காடே இருக்கிறது. வீட்டில் பல்லி இனங்களை வளர்க்கும் நாம் இரண்டை ஒரே கண்ணாடித் தொட்டியில் விடும்போது, தோற்றது ஓடிப் போகிற அந்த வழியைத்தான் அடைத்துவிடுகிறோம். சண்டை முடிவதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத வடிவத்தில் தொடர்கிறது.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த பியர்டட் டிராகன், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கற்குன்றுகளைச் சேர்ந்த லெப்பர்ட் கெக்கோ, மத்திய, தென் அமெரிக்காவின் பச்சை இகுவானா ஆகியவைதான் இங்கே பெரும்பாலும் வளர்க்கப்படுகின்றன. மூன்றும் தம் உடம்புக்கான சூட்டை வெளியிலிருந்து பெறுபவை. பகலில் வெயில் காய்கிற பியர்டட் டிராகனை எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பு 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும், நோயை எதிர்க்கும் திறனும் சரியாக இயங்கும். அதற்காகத்தான் தொட்டியின் ஒரு முனையில் சூட்டு விளக்கு வைக்கிறோம். எலும்புக்குக் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்காகப் புற ஊதா பி கதிர் தரும் குழல்விளக்கும் வைக்கிறோம். தொட்டி நான்கடி நீளம் இருந்தாலும் நல்ல சூடும் நல்ல வெளிச்சமும் சேர்கிற இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். பெரியது அதில் ஏறி உட்கார்ந்துவிடும். கடிக்க வேண்டியதில்லை, துரத்தவும் வேண்டியதில்லை. தலையை ஒரு முறை ஆட்டினால் போதும், சிறியது விலகிப் போய்க் குளிர்ந்த மூலையில் படுத்துக்கொள்ளும். அங்கே கிடந்து அது தின்னும் பூச்சி செரிக்காது, உடம்பு வளராது, எலும்பு மெலியும். வீட்டுக்காரரோ ‘இரண்டும் சண்டையே போடுவதில்லை’ என்று நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே இடம் போதுமா என்று கேட்பவர் தரையின் நீள அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று பார்க்காமல், முழுச் சூட்டைப் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் அது அநேகமாக முடியாது.

‘ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றனவே, பாசம் இல்லாமலா?’ என்று கேட்பார்கள். கலாபகோஸ் தீவுகளின் கடல் இகுவானாக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கிடக்கும். உடம்பின் சூட்டைக் காப்பதற்காக அவை அப்படிக் கிடக்கின்றன. தொட்டியிலும் மேலே படுத்திருப்பது எது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எப்போதும் ஒன்றே மேலே இருந்தால், கீழே இருப்பதற்கு வெளிச்சமும் சூடும் மறைக்கப்படுகின்றன என்று பொருள். இன்னொரு கேள்வி தனிமையைப் பற்றியது, அதற்குக் கவனமான பதில் தர வேண்டும். பல்லி இனங்கள் எல்லாமே தனிமை விரும்பிகள் என்று சொல்வது உண்மையாகாது. ஆஸ்திரேலியாவின் ஷிங்கிள்பேக் அரணை ஆண்டுதோறும் அதே இணையைத் தேடிச் சேர்கிறது. பியர்டட் டிராகன்கள்கூட மந்தமானவை அல்ல; பழக்கப்பட்ட ஒரு டிராகன் கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்த மற்றவை அதே போலச் செய்தன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இன்னொன்றைப் பார்த்துக் கற்கும் அறிவு வேறு, இன்னொன்றோடு அடைபட்டு வாழ்கிற விருப்பம் வேறு. ஷிங்கிள்பேக் இணையும் ஆண்டில் சில வாரங்கள்தான் சேர்ந்து திரிகிறது, மற்றக் காலத்தில் பிரிந்துதான் வாழ்கிறது. பெண் கெக்கோக்களைக் கூட்டமாக வைத்துச் சமாளிக்கும் அனுபவசாலிகள் உண்டு. அவர்களிடம் காலித் தொட்டிகள் கைவசம் இருக்கும், ஒவ்வொன்றையும் தவறாமல் எடை போடுவார்கள், ஒன்று மெலிந்தால் அன்றே பிரித்துவிடுவார்கள். முதல் முறையாக வளர்க்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த ஏற்பாட்டைப் பொதுவழியாகச் சொல்ல முடியாது.

பல்லி பெரும்பாலும் கத்தியோ அழுதோ காட்டாது. அதன் துன்பத்தை உடம்பிலும் நடத்தையிலும்தான் படிக்க வேண்டும். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணானை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்பது போன்ற கருங்கல் குன்றுகள்தான் அந்த இனத்துக்கு ஏற்ற இடம். ஆண்கள் மோதும்போது அவற்றின் முதுகு மஞ்சளாகிறது. பெண்ணைக் கவரும்போது முதுகு சிவந்து விலா கறுக்கிறது. நிறம் என்பது அந்த உயிரின் உள்நிலை வெளியே தெரிகிற இடம். பியர்டட் டிராகனின் தாடி கறுப்பதும் வயிற்றில் கருங்கோடுகள் எழுவதும் அந்த வகைதான். ஆனால் காலையில் உடம்பைச் சூடேற்றவும் அது கறுக்கும் என்பதால், விளக்கெரியத் தொடங்கியதும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. நன்றாகச் சூடேறிய பிறகும், நாள்கணக்கில் கறுத்தே இருந்தால் கவலைப்பட வேண்டும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றுவதைப் பலரும் ‘டாட்டா காட்டுகிறது’ என்று ரசிக்கிறார்கள். பெரியதைப் பார்த்து, ‘நான் பணிந்துவிட்டேன்’ என்று சிறியது சொல்லும் முறை அது. ஒரு நாளில் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிற குட்டி பயத்தில் வாழ்கிறது. பியர்டட் டிராகன் கண்ணாடியில் ஏறி ஏறி வழுக்குவது, பகலெல்லாம் மறைவிடத்தை விட்டு வராதது, பகலில் கண்ணை மூடிக் கிடப்பது, இரையைப் பார்த்தும் அசையாதது ஆகியவையும் அறிகுறிகள். லெப்பர்ட் கெக்கோ தன் கொழுப்பை வாலில் சேமிப்பதால், வால் இளைத்தால் உடம்பே இளைக்கிறது என்று கொள்ளலாம். வால் நுனியோ விரல் நுனியோ காணாமல் போனால், தோல் உரியும்போது ஒட்டி நின்று அறுந்ததா, கடிபட்டதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது தராசு. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை, ஒரே நாளில் எடை போட்டுக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் சொல்லிவிடும்.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாய் பிளந்து இருப்பது சூட்டு விளக்கின் கீழே இயல்பு. மிகுந்த சூட்டை அப்படி வெளியேற்றும். கத்திரி வெயிலில் விழுப்புரத்தில் அறையே 38 டிகிரியைத் தொடும்போது, தொட்டியில் குளிர்ந்த மூலை என்று ஒன்று இருக்காது. விளக்கிலிருந்து தள்ளி இருந்தும் வாய் பிளந்தால் அது ஆபத்து, விளக்கை உடனே அணைத்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் இடையிலான போட்டி திசை மாறி, நிழலுக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் நடக்கும். தோற்பது அப்போதும் அதே சிறியதுதான்.

ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆண் ஓயாமல் துரத்தும்; பெண் மறுபடி மறுபடி முட்டையிட்டுத் தன் எலும்பின் கால்சியத்தை இழக்கும். பிறகு குஞ்சுகளை என்ன செய்வது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976 முதல் இயங்கும் சென்னை முதலைப் பண்ணை, பெருகிவிட்ட சதுப்புநில முதலைகளில் ஏறத்தாழ ஆயிரத்தை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனுபவமும் நிலமும் உள்ளவர்களுக்கே அந்த நிலை. சட்டமும் குறுக்கே வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகள் அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்ந்தன. பச்சை இகுவானா அவற்றில் ஒன்று. அதை வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், அதற்குப் பிறக்கும் குஞ்சையும் தெரிவிக்க வேண்டும். நம் ஊர் உடும்பைப் பிடித்து அடைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். அது முதல் அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

‘இரண்டு தொட்டி, இரண்டு விளக்கு வாங்க வசதி இல்லையே’ என்பது நியாயமான கவலை. அந்தக் கவலை உள்ளவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி. இரண்டாவதை வாங்கும் பணத்தில் முதலாவதற்கு நல்ல விளக்கு வாங்கலாம். ஏற்கெனவே இரண்டு இருந்தால், பெரிய தொட்டியை ஒளி ஊடுருவாத பலகையால் நடுவே அடைத்து, இரு பக்கமும் தனித்தனி விளக்கு, மறைவிடம், தண்ணீர் வைக்கலாம். கண்ணாடித் தடுப்பு உதவாது. எதிரி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அலுத்துப்போய் இகுவானாவைக் கழுவெளிச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் விடலாம் என்று மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. புளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் அப்படி வெளியே போனவை பெருகி, பயிருக்கும் கரைகளுக்கும் கேடாகிவிட்டன.

பிரித்து வைத்த பிறகு சிறியதன் எடையை வாரந்தோறும் தொடர்ந்து குறியுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் எடை ஏறினால், கூட்டுவாசம்தான் அதைத் தேய்த்தது என்று தெரிந்துவிடும். ஏறாவிட்டால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். உளைச்சலில் நோயெதிர்ப்பு குறையும்போது அவை பெருகும். புதிய எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, பல்லியையும் கூடவே, புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். எடை குறித்த தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.